முயல் வீட்டுக்குக் காவிப்பட்டை

எலியேசர் வீட்டு ஓனருக்குத் தர வேண்டியது அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய். மூன்று மாத வாடகை. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கையில் ஒரு முயலும் வந்து சேர்ந்தது.

முயல் சிமெண்டுச் சாக்குக்குள் இருந்தது. சாக்கு அவன் கக்கத்தில் இருந்தது. அவன் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஓனர் சுப்பராயலு எப்போது வாசலைவிட்டு எழுந்து போவார் என்று பார்த்தபடி இருந்தான். சுப்பராயலு எழுவதாகத் தெரியவில்லை. நாற்காலி போட்டு, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா எலியேசரு, அங்க இன்னா குந்திகினு கீற?"

"ஒண்ணுமில்லண்ணா. காலு நோவுது."

"கக்கத்துல இன்னாது?"

"சிமெண்டுண்ணா."

சாக்கு தும்மியது. எலியேசரும் உடனே தும்மினான்.

"நெடிண்ணா," என்றான்.

சுப்பராயலு சாக்கை ரொம்ப நேரம் பார்த்தார். "பாக்கி?"

"சனிக்கெழம குடுத்துர்றேண்ணா."

"சரி, அத்த வுடு. என்னத் தேடிகினு யாராச்சும் வந்தாங்களா? காக்கிச் சட்ட, ஜீப்பு, அந்த மாரி?"

"இல்லண்ணா."

"வந்தா மொதல்ல எனுக்கு வந்து சொல்லு."

எலியேசருக்குக் கால் இப்போது நிஜமாகவே வலித்தது. காக்கிச் சட்டை என்றால் போலீஸ். வாடகைப் பாக்கிக்கு ஓனர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவன் சந்து வழியாகப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து தன் போர்ஷனுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டான்.

மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், வரிசையாக நான்கு போர்ஷன். எலியேசருடையது கடைசி. குடிவந்த அன்று சுப்பராயலு சட்டதிட்டங்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார். நாய் கூடாது, பூனை கூடாது, கோழி, புறா கூடாது. சுவரில் ஆணி கூடாது. ஆணி அடிக்கிற சத்தம் கேட்டால் அன்றைக்கே சாமான் தெருவில். அவர் வாய்ச்சொல்லோடு நிற்கிறவர் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஒரே ஒரு கோழி வளர்த்தார்கள். எலியேசர் வீடு பார்க்க வந்தபோது அவர்களுடைய குண்டானும் பாயும் தெருவில் கிடந்தன. கோழி அந்தக் குண்டான்மேல் நின்றுகொண்டிருந்தது.

இந்த வீடு போனால் அவனுக்கு வேறு வீடு இல்லை. அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசில்லாத கொத்தனாருக்கு யார் வீடு தருவார்கள்? இதற்கு முன் ஒரு கோடை முழுக்க அவனும் அருள்மேரியும் சேலையூரில் பாதி கட்டிய வீட்டில், கதவில்லாத அறையில் படுத்திருந்தார்கள். அருள்மேரி அந்த மாதங்களில் தூங்கவே இல்லை. தாழ்ப்பாள் உள்ள கதவு அவளுக்கு இங்கேதான் கிடைத்தது. மழைக்காலத்தில் வேலை நின்றது, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, வாடகையும் நின்றது. ஆனாலும் கதவு இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அவன் சாக்கை அவிழ்த்தான்.

வெள்ளையாக, இரண்டு காதோடு அது வெளியே வந்து, சிவப்புத் தரையில் உட்கார்ந்து மூக்கை ஆட்டியது.

அருள்மேரி சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி மடிக்கிறவள். அப்போதுதான் வந்து கால் கழுவியிருந்தாள். அவள் முயலைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"இது மாசம் எவ்ளோ வாடக தரும்?"

"ஏது பண்றது மேரி. குரோம்பேட்டை டாக்டரம்மா இல்ல, ஞானஜோதி அம்மா, அவங்களுக்கு வடக்க மாத்தலாயிடுச்சி. முயல இன்னா பண்றதுன்னு அழுதுகினு கீறாங்க. வாட்ச்மேன் பக்கத்துல நின்னுகினு, இது எத்தினி பேருக்கு வரும்னு கேக்கறான்."

"அதுக்கு?"

"நான் எடுத்துக்கறேம்மான்னுட்டேன்."

"எதுக்கு அப்டி சொன்னீங்க?"

அது எலியேசருக்கும் தெரியவில்லை. அவன் ஆயுளில் ஒரு கோழிக்குஞ்சு கூட வளர்த்ததில்லை. டாக்டரம்மா வீட்டில் கொத்து வேலைக்குப் போய்ச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தவனுக்கு, வாய் தானாகப் பேசிவிட்டது.

"சரி, ஓனருக்குத் தெரியாம எங்க வெச்சிக்குவீங்க?"

"பெட்டில."

அருள்மேரி கம்பெனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். முயல் அதற்குள் ஒரு நாள் இருந்தது. மறுநாள் பெட்டிதான் முயலுக்குள் இருந்தது. அடுத்து, தாம்பரம் மார்க்கெட்டில் பழைய ஆப்பிள் பெட்டி ஒன்று வாங்கி வந்தான் எலியேசர். மரம். மரத்தை எப்படித் தின்னும் என்று நினைத்தான். வெள்ளச்சி, அருள்மேரி அதற்கு அப்படித்தான் பேர் வைத்திருந்தாள், மரத்தை முறுக்கு மாதிரி கடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் போன கரண்டு ஒயரைக் கடித்தது.

டப்பென்று ஒரு சத்தம். நான்கு போர்ஷனும் இருட்டானது. நான்கு போர்ஷன் டீவியும் நின்றது.

முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஒரு மூலையில் நின்று பின்னங்காலால் தரையைத் தட்டியது. டொப். டொப். செத்துப்போயிருந்தால் கூட எலியேசர் இவ்வளவு பயந்திருக்கமாட்டான். வாசலில் சுப்பராயலுவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்டாவப் போட்டு மூடு," என்று குசுகுசுத்தான். அருள்மேரி முயலை மூடி, அண்டாமேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

சுப்பராயலு பேட்டரி விளக்கடித்து ஒயரைப் பார்த்தார்.

"எலி," என்றார்.

"ஆமாண்ணா. எலிதான்."

"பெரிய எலியா கீது."

"தாம்பரத்து எலிண்ணா."

அண்டாவுக்குள் டொப் என்றது. அருள்மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாயு," என்றாள். சுப்பராயலு அண்டாவை ஒரு பார்வை பார்த்தார். ஃபியூஸ் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவர் தங்கை கிளியம்மாள் எலிப்பொறி கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஒரு மசால்வடை இருந்தது. வீட்டில் வேறொன்றும் இல்லாததால் எலியேசர் அந்த வடையைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனான்.

"ஊருக்கெல்லாம் வூடு கட்டறீங்க," என்றாள் அருள்மேரி அன்று சாயங்காலம். "இந்தச் சின்ன உசுருக்கு ஒண்ணு கட்ட முடியல."

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். எலியேசருக்கு அது யோசனையாகப் பட்டது. செங்கல்லை எந்த முயலும் தின்னாது. ஆணி தேவையில்லை. கொத்து வேலையில் சத்தமும் வராது.

மேஸ்திரி வேதசிரோமணியிடம் கேட்டு உடைந்த செங்கல்லைத் தினம் கொஞ்சமாகச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். மேல்வலி எல்லாம் சேர்ந்து உட்கார முடியாத நேரத்திலும் சாந்து பூசும் கரணையை எடுத்தான். தரை கெடாமல் இருக்க பிளாஸ்டிக் தாளை விரித்து, மணல் பரப்பி, அதன்மேல் கதவுக்கு எதிர்மூலையில் வேலையை ஆரம்பித்தான்.

முயலுக்குத்தானே என்று கோணலாகக் கட்ட அவன் கை கேட்கவில்லை. தூக்குகுண்டு விட்டுப் பார்த்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ஈரம் தங்கினால் முயலுக்குச் சீக்கு வரும் என்று அடியில் மேடை எழுப்பி, அதற்குச் சரிவு கொடுத்து, மூத்திரம் வழிந்து வெளியே விழ ஒரு பக்கம் சின்ன மூக்கு வைத்தான். வாசலுக்கு மேலே போட மரம் இல்லை. அதனால் செங்கல்லை வளைத்து ஆர்ச்சு கட்டினான். கூரைக்கு மிச்சச் சாந்தைக் குவித்து, தண்ணீர் நிற்காதபடி உருண்டையாக வழித்துவிட்டான். வீட்டுக்குள் எங்கிருந்து மழை வரும் என்று அருள்மேரி கேட்டாள். கூரை என்றால் அப்படித்தான் கட்ட வேண்டும் என்றான்.

எறும்பு வராமலிருக்கச் சுண்ணாம்பு அடித்தான். சுண்ணாம்பு போதவில்லை. இடையிடையே விட்ட இடத்தில், சைட்டிலிருந்து கொண்டுவந்த காவியைப் பூசி முடித்தான்.

இரண்டடி உயரம். வெள்ளை, காவி, வெள்ளை, காவி.

எலியேசர் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளிநின்று பார்த்தான். எத்தனையோ வீடு கட்டியிருக்கிறான். எதையும் முடித்த பிறகு நின்று பார்க்க யாரும் விட்டதில்லை. இதைப் பார்த்தான்.

அருள்மேரியும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். "நல்லாத்தான் கீது. எங்கியோ பாத்த மாரியும் கீது," என்றாள்.

வெள்ளச்சி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. கடிக்கவில்லை. தோண்டவில்லை. அன்று இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

வீடு சரியாக அமைந்துவிட்டது. நாற்றம்தான் மிச்சம் இருந்தது. அதற்கு எலியேசர் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டான். உண்ணி வராமலிருக்க ஆர்ச்சின்மேல் வேப்பிலை சொருகினான். ஜன்னல் வழியாக யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று அருள்மேரி கம்பெனியில் கழித்துப் போட்ட மஞ்சள் துணியில் ஒரு சின்னத் திரை தைத்துத் தொங்கவிட்டாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டு, கதவைத் திறந்தபோது வாசலில் கிளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பாக்கி கேட்க வந்தவள். அவள் பார்வை எலியேசரின் தோளைத் தாண்டி மூலைக்குப் போனது. சாம்பிராணிப் புகையில் மஞ்சள் திரை ஆடியது.

கிளியம்மாள் செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

எலியேசர் கதவைப் பாதி சாத்தினான். "நாலு நாளாக்கா."

"ஏசுவக் கும்புடற வேதக்காரன் வூட்டப் பாத்து வந்து குந்திகினு கீறா பாரேன்," என்றாள் கிளியம்மாள். "இரு, அண்ணன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

அவள் போன பிறகுதான் எலியேசர் திரும்பித் தன் வேலையைப் பார்த்தான். வெள்ளையும் காவியும். உருண்டைக் கூரை. வேப்பிலை. அபிஷேகத் தண்ணி விழுகிற மாதிரி மூக்கு. தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ரோட்டோரத்தில் எத்தனை அம்மன் கோயில் இருக்கிறதோ, அத்தனையும் இந்த அளவில், இந்த நிறத்தில்தான் இருந்தன.

"நான் அப்பவே சொன்னேன், எங்கியோ பாத்த மாரி கீதுன்னு," என்றாள் அருள்மேரி.

"இப்ப இன்னா பண்றது?"

"முயலுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா வூடு போச்சு."

"அப்ப கோயில்னு சொல்லிடுங்க."

"சொன்னா பாதிரி ஐயரு என்ன சபைய வுட்டே தூக்கிடுவாரு."

எலியேசர் இரண்டையும் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தான்.

அன்று மத்தியானம் கிளியம்மாள் வாழைப்பழமும் கதம்பமும் கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே பக்கத்து போர்ஷன் காமு வெற்றிலை கொண்டுவந்தாள். எலியேசர் கதவை மறித்து நின்றான்.

"உள்ள பாக்கக் கூடாதுக்கா. தெரயத் தொடக் கூடாது," என்றான் வியர்த்துக்கொண்டே.

காமு மரியாதையாக இரண்டடி பின்னால் போனாள். "ஆமாமா. உக்ரமா கீறா போல."

பழத்தையும் பூவையும் திரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பார்த்தபோது பழம் இல்லை. வெற்றிலை இல்லை. கதம்பத்தில் நார் மட்டும் கிடந்தது. காமு அந்த நாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். பொழுது சாயும் முன் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நாங்க வேதக்காரங்க, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது," என்றான் எலியேசர் வந்தவர்களிடம். அதுதான் பெரிய அதிசயமாகப் போனது. "தெனமும் வரக்கூடாது, வெள்ளிக்கெழம மட்டும்," என்றான். வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் வரை வரிசை நின்றது. வரிசையில் யாரோ சுண்டல் விற்றார்கள். காமுவின் மகனுக்கு மறைமலை நகர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவன் ஆறு மாதமாக அலைந்து கிடைத்த வேலை. அதையும் வெள்ளச்சி கணக்கில் எழுதினார்கள்.

சுப்பராயலுவும் தினமும் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எலியேசருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"சுண்ணாம்பு கொஞ்சம் புதுசா கீதே," என்றார் ஒருநாள்.

"ஆமாண்ணா."

"பொக கிக பட்டா பழசா ஆயிடுமா?"

"ஆயிடும்ணா."

"அப்ப நல்லா போடு."

எலியேசருக்கு இதன் அர்த்தம் புரியவில்லை. புரியாததெல்லாம் அவனுக்குப் போலீசாகவே தெரிந்தது. தெருவையே ஏமாற்றியதாக அவன்மேல் கேஸ் வரும். அருள்மேரியை மறுபடி கதவில்லாத வீட்டில் படுக்க வைக்க வேண்டிவரும். சபையில் அவனால் தலை தூக்க முடியவில்லை. ஐயர் பத்துக் கட்டளையை வாசித்தபோது அருள்மேரி முழங்கையால் இடித்து, "இதுல நம்மளது மொதோ ரெண்டுமே கீது," என்றாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். முயல் இருந்தால்தானே வம்பு. திங்கட்கிழமை விடியற்காலையில் வெள்ளச்சியைச் சாக்கில் போட்டு, பஸ் மாறி மாறி, கேளம்பாக்கத்தில் அருள்மேரியின் அண்ணன் அப்பாதுரை வீட்டில் விட்டுவிட்டு வந்தான். பழம் மறையாவிட்டால் ஜனங்கள் சலித்துப் போய்விடுவார்கள் என்பது அவன் கணக்கு.

அன்று வைத்த பழம் அப்படியே இருந்தது. பூ வாடியது. சாயங்காலம் காமு வந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"கோச்சிகினா. எம்புள்ள வேலைக்கு மொத நாளு போயிருக்கான். இன்னாபா பண்ண நீ?"

வாசலில் கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் எலியேசரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை நல்லதாக இல்லை. யாரோ, "வேதக்காரன் எதாச்சும் செஞ்சிருப்பான்," என்றார்கள். சுப்பராயலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எலியேசரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்க அது?"

"எதுண்ணா?"

"தெரியாதுபா. உள்ள இன்னா இருந்திச்சோ அது. நாளைக்குள்ள திரும்பி வந்தாவணும். இல்லன்னா நான் தொலஞ்சேன், நீயும் தொலஞ்ச."

மறுநாள் முதல் பஸ்ஸில் எலியேசர் கேளம்பாக்கம் போனான். அப்பாதுரை வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மி மேல் பட்டையும் கிராம்பும் இருந்ததைப் பார்த்து அவனுக்கு உயிரே போய்விட்டது. "சும்மா கறிக்கொழம்புக்கு மச்சான்," என்றான் அப்பாதுரை, முயலைக் கொடுக்க மனமில்லாமல். எலியேசர் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

சாயங்காலம் பழம் மறைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். காமு எலியேசரின் காலில் விழுந்தாள். அவன் பதறிப்போய் அவள் காலில் விழப்பார்த்தான். அருள்மேரி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

இனித் தாங்காது என்று புதன்கிழமை அவன் சுத்தியும் உளியும் எடுத்தான். இடித்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டு, சாமான்களை அவனே தெருவில் எடுத்து வைத்துவிடுவது. உளியைச் செங்கல்லில் வைத்தான். பின்னாலிருந்து ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒரு சில்லு பேந்திச்சி, உன்ன உள்ள தள்ளிருவேன்," என்றார் சுப்பராயலு. சுவரில் ஓர் ஆணிக்குச் சம்மதிக்காத மனுஷன். அவர் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று எலியேசர் நினைத்தான்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது.

எலியேசர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் இரும்புச் சங்கிலி வைத்திருந்தார்கள். தெரு நீளத்துக்கு இழுத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு மனுஷனைக் கட்ட இவ்வளவு நீளச் சங்கிலி எதற்கு என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி வந்தார்.

"மேரி, வந்துட்டாங்க."

அருள்மேரி ஒரு பையில் அவனுடைய லுங்கி, சட்டை, பல்பொடி எடுத்து வைத்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, போர்வையும் வைத்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவன் பார்க்காத மாதிரி நின்றான்.

"தாப்பா போட்டுகினு படு," என்றான். "நான் வந்துர்றேன்."

"வூட்ட வுட்டு வெச்சாத்தான தாப்பா."

சுப்பராயலு அதிகாரியை நேராக அவன் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றி முழுக்கத் திருநீறு. வெற்றுடம்பு. அவரை எலியேசர் அப்படிப் பார்த்ததே இல்லை. கூடவே கிளியம்மாள், காமு, தெருப் பெண்கள் எல்லோரும் கற்பூரத்தோடு வந்தார்கள்.

அதிகாரி வாசலில் தயங்கி, ஷூவைக் கழற்றினார்.

"எவ்வளவு காலமா இருக்கு இது?"

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து சார்," என்றார் சுப்பராயலு.

எலியேசர் திடுக்கிட்டுப் பார்த்தான். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. தனக்காக ஓனர் பொய் சொல்கிறார். காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று மாதம் பாக்கி வைத்த குடித்தனக்காரனுக்காக, கற்பூரத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறார்.

"இவர் யாரு?"

"பூசாரி சார். பரம்பரையா செய்றாங்க."

"உங்க பேரு?"

"எலி..." என்று ஆரம்பித்தான் எலியேசர்.

"ஏழுமல சார்," என்றாள் கிளியம்மாள்.

அதிகாரி குனிந்தார். எல்லாவற்றையும் நம்பிவிடுகிற ஆள் மாதிரி தெரியவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய காவியைப் பார்த்தார். அப்புறம் பென்சிலால் மெதுவாகத் திரையை விலக்கப் போனார்.

டொப்.

உள்ளே தரை அதிர்ந்தது. அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். பென்சில் உள்ளே விழுந்துவிட்டது. வீடே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், திரைக்குப் பின்னால், பென்சிலை யாரோ கரக், கரக் என்று நிதானமாகக் கடித்துத் தின்னும் சத்தம் கேட்டது.

காமு குலவை போட்டாள். இரண்டு பெண்களுக்கு அருள் வந்தது. ஒருத்தி அதிகாரியின் சட்டையைப் பிடித்து, "என் எடத்துல இன்னாடா வேல உனுக்கு?" என்று கேட்டாள்.

அதிகாரி வாசலுக்கு வந்து ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். சங்கிலிக்காரர்களைப் பார்த்து, "சுருட்டுங்கப்பா, போலாம்," என்றார். கூட்டம் ஜீப்போடு தெருமுனை வரை போனது. கிளியம்மாள் மட்டும் நின்றுவிட்டாள்.

எலியேசர் சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுப்பராயலுவும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வியர்த்திருந்தது. அருள்மேரி இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

"எலியேசரு," என்றார் சுப்பராயலு, தண்ணீரைக் குடித்துவிட்டு. "அந்த அறுநூத்தி எழுபத்தஞ்சு."

"சனிக்கெழம கண்டிப்பா..."

"வாணாம்பா. அத்த வுட்டுட்டேன். இனிமேலும் வாடக வாணாம். நீ இங்கியே இரு. எங்கியும் போவாத."

அருள்மேரி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அவள் பார்வை கதவுக்குப் போய், தாழ்ப்பாளில் நின்றது.

எலியேசருக்குச் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. பக்தியில் விட்ட கடன் இது. இதை வாங்கிக்கொண்டால் எந்தச் சாமியும் அவனை மன்னிக்காது. அவன் எழுந்து கையைக் கூப்பினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணா, என்ன மன்னிச்சிருங்க. எனக்காகப் பொய்யெல்லாம் சொன்னீங்க. உள்ள சாமி இல்லண்ணா. முயலு. நீங்க வாணாம்னு சொன்னது தெரிஞ்சும் கொண்டாந்துட்டேன். பாக்கிய வுடாதீங்க. தந்துர்றேன்."

சுப்பராயலு தங்கையைப் பார்த்தார்.

கிளியம்மாள் திரைக்கு அடியில் ஒரு வெற்றிலையை நீட்டினாள். ஒரு மூக்கு வந்து வாங்கிக்கொண்டது.

"முயலுன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும்பா, இது ஏரின்னுதான் உனுக்குத் தெரியாது," என்றாள். "ஏரிய மண்ணு போட்டுத் தூத்து வூட்டக் கட்டிட்டு, எப்ப கவர்மெண்டுல அளந்து இடிக்க வருவாங்களோன்னு எங்கண்ணன் ஆறு மாசமா தூங்கல, எடமே எங்களுது இல்ல, இதுல நீ எங்களுக்கு இன்னா பாக்கி?"